காது முளைத்த டார்ச் லைட்

பல வருடம் வெளிச்சம் மட்டும் கொடுத்துவந்த ஒரு டார்ச் லைட்டுக்குப் போன மாதம் காது முளைத்தது. அதனால் ஒரு பெண்ணின் பிழைப்பு அன்று மாலை ஐந்து மணிக்கு முடிய இருந்தது.

டார்ச் லைட் விவகாரம் காலையில் யாருக்கும் தெரியாது. காலையில் தெரிந்தது மேசைமேல் கிடந்த இரண்டு போன்கள்தான்.

"இது என்னோடது," என்று இடது போனைத் தொட்டாள் அந்தப் பெண். "இது திருட்டு."

வலது போனை அவள் தொடவில்லை.

அவள் செயலி எழுதுகிறவள். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். இத்தனை வருடத்தில் செய்தது ஒரே செயலி. காது கேளாதவர்களின் போனில் அது உட்கார்ந்து வீட்டுச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். அழைப்பு மணி அடித்தால் 'வாசலில் ஆள்' என்று ஒளிரும், அதிரும். குழந்தை அழுதால் சொல்லும். கண்ணாடி உடைந்தால் சொல்லும். அவ்வளவுதான். அந்த அவ்வளவை நம்பிப் பல வீடுகள் இருந்தன.

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறிவாளரைத் தொழிலில் எல்லோரும் 'பூட்டு' என்பார்கள். வாய் திறப்பது அபூர்வம். பக்கத்தில் அவருடைய உதவியாளன் குண்டூசி. ஒல்லி. யாரையாவது குத்தாமல் அவனால் இருக்க முடியாது.

"எப்ப எடுத்தாங்க?" என்றார் பூட்டு.

"என்னோடது நேத்து வரைக்கும் ஆப் ஸ்டோர்ல இருந்தது, மேடம். இன்னிக்குத் தேடினா இல்ல. நான்தான் இந்தத் திருட்டைப் பார்த்துக் காப்பி அடிச்சிட்டேனாம். அதுதான் மூத்ததாம், என்னோடது இளையதாம். அஞ்சு மணிக்குள்ள நிரூபிக்கலைன்னா என் கணக்கையே மூடிடுவாங்க. மூடினா மூடினதுதான். ஓடிப்போய் விக்கறதுக்கு இன்னொரு கடை கிடையாது."

"திருடன் முந்திக்கிட்டு 'திருடன் திருடன்'னு கத்தியிருக்கான்," என்றான் குண்டூசி. "கெட்டிக்காரன்."

ஜன்னல் ஓரம் அவள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சக்கரம் வைத்த பழைய நாற்காலி. முன்னால் திரை. பிறவியிலேயே அவருக்குக் காது கேட்காது. செயலியின் படங்கள் எல்லாம் அவர் வரைந்தவை. மணிக்கு ஷூ இருந்தது. குழாய்க்கு ஷூ இருந்தது. அழுகிற குழந்தையும் ஷூவோடுதான் அழுதது.

"எல்லாத்துக்கும் எதுக்குங்க ஷூ?" என்றான் குண்டூசி.

அவள் சைகையில் கேட்டாள். அண்ணன் சைகையில் பதில் சொன்னார்.

"சத்தம் நடந்துதானே வருது, வெறுங்காலோடயா வரும்னு கேக்கறான்."

அண்ணன் சிரித்துக்கொண்டே பின்னால் சாய்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

வலது போன் ஒளிர்ந்தது. வாசலில் ஆள்.

குண்டூசி எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். திரும்பி வந்தான்.

"வெயில்தான் வந்திருக்கு. உள்ள விடட்டுமா?"

இடது போன் அசையவில்லை. பூட்டு இரண்டையும் பார்த்தார்.

அந்தப் பெண் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். "அவன் உதட்டைப் படிப்பான்," என்றாள். "இது அவனுக்குத் தெரிய வேண்டாம். மணிச் சத்தத்தை ஆயிரம் தடவை பதிவு பண்ணிக் கொடுத்தாத்தான் போன் கத்துக்கும். பட்டன் அந்தச் சுவத்துல இருக்கு. அவன் உக்காந்த இடத்துலேர்ந்தே சாஞ்சு அமுக்குவான், நான் உள்ளே பதிவு பண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் முதல்ல நாற்காலி, அப்புறம் மணி. அவனுக்கு அது கேக்காது. எனக்குக் கேட்டுக் கேட்டுக் காதுல விழறதே இல்ல. போன் ரெண்டையும் ஒழுங்கா படிச்சிக்கிச்சு."

"நாற்காலி முனகினா விருந்தாளி."

"ஜனங்க திட்டித் தீர்த்தாங்க, தம்பி. எழுந்து எழுந்து போய்ப் பார்த்தா யாருமே இல்லைன்னு. அப்புறம்தான் எனக்கு உறைச்சது. ஒவ்வொரு பதிவுலயும் முன்னாடி இருந்த கிறீச்சை வெட்டி எடுத்தேன். சரியாப் போச்சு. அண்ணன்கிட்ட சொல்லல. தன்னாலதான் கெட்டுச்சுன்னு நினைச்சுக்குவான்."

"எப்ப வெட்டினீங்க?" என்றார் பூட்டு.

"மழைக்காலத்துல."

"வலது போன்ல குழாயும் இருக்கே. தண்ணி திறந்து கிடந்தா சொல்லுது."

"அது போன மாசம்தான் சேர்த்தேன். அதையும் விடல பாருங்க, பாவிங்க."

பூட்டு வலது போனைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யார்மேல சந்தேகம்?"

"ஸ்டோர்மேலதான்." பதில் தயாராக இருந்தது. "எதை வெளியிட்டாலும் முதல்ல அவங்க பாக்கணும். அவங்க சரின்னா சரி. வர்றதுல நூத்துக்கு முப்பது அவங்களுக்கு. அது போக எனக்குக் கட்டுப்படியாகலைன்னு சந்தாவை ஏத்தினேன். அண்ணனோட சங்கத்துல பாதிப் பேர் விட்டுட்டாங்க. எல்லாரும் காது கேக்காதவங்க, கூலி வேலைக்குப் போறவங்க. நேரா என்கிட்ட கட்டினா குறைச்சுத் தரேன்னு ஆப்புக்குள்ள ஒரு வரி எழுதினேன். எழுதக் கூடாதாம். சொல்லவே கூடாதாம். சண்டை போட்டேன். அடுத்த மாசம் இது."

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு," என்றான் குண்டூசி.

அண்ணன் திரும்பவில்லை. திரையில் ஒரு கடிகாரத்துக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

*

கடை என்றுதான் பெயர். அங்கே விற்க ஒன்றும் இல்லை. கண்ணாடி, கம்பளம், ஒரு செடி. செடி பிளாஸ்டிக்.

கடைசி அறையில் மேல்முறையீட்டு அதிகாரி இருந்தார். செயலிகளை உள்ளே விடுவதும் வெளியே தள்ளுவதும் அவர் வேலை. தலையில் பெரிய ஹெட்போன்.

"சார்," என்றான் குண்டூசி.

திரும்பவில்லை.

"சார்!"

பூட்டு மேசையைத் தட்டினார். அதிகாரி நாற்காலியைக் கை காட்டினார். ஹெட்போனைக் கழற்றவில்லை.

"ஆதாரம் இருந்தா வெச்சிட்டுப் போங்க. அஞ்சு மணிக்கு முடிவு."

"முப்பது எதுக்கு வாங்கறீங்க?" என்றார் பூட்டு.

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் இருந்தது.

"தினம் இந்த வாசல்ல என்னென்ன வந்து நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது. கடன் தரேன்னு சொல்லிட்டு போன்ல இருக்கிற போட்டோவையெல்லாம் அள்ளறது. எடையைக் குறைக்கிறேன்னு பேங்க் பாஸ்வேர்டு கேக்கறது. கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்றது நாங்க. உங்க கட்சிக்காரம்மாவோட ஆப் நாள் பூரா மைக்கைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒரு குடும்பத்துக்கு நடுவுல உக்காந்திருக்கு. யாரை நம்பி ஜனங்க அதைப் போட்டுக்கறாங்க? அவங்க முகத்தையா பார்த்தாங்க? எங்க வாசலைப் பார்த்தாங்க. அந்த நம்பிக்கை சும்மா வராது."

பூட்டு தலையசைத்தார். அந்தப் பேச்சில் பொய் இல்லை.

குண்டூசிதான் விடவில்லை. "காவலுக்குக் கூலி வாங்கிக்கோங்க சார், வேண்டாங்கல. அதுக்காக வீட்டுக்காரன் தட்டு முன்னாடி உக்காரும்போதெல்லாம் மூணுல ஒரு கவளம் காவக்காரனுக்கா?"

"பிடிக்கலைன்னா வேற வாசல் வழியாப் போகலாம்."

"அது எங்க சார் இருக்கு?"

அதிகாரி கேட்காத மாதிரி இருந்தார்.

"புகார் கொடுத்தது யார்?" என்றார் பூட்டு.

"யாரும் கொடுக்கல. மெஷினே கண்டுபிடிச்சது. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா, பதிவான தேதியைப் பார்க்கும். முன்னாடி வந்தது நிக்கும். பின்னாடி வந்தது போகும்."

"அந்த முன்னாடி வந்தது, பிறந்தப்ப என்னவா இருந்தது?"

"புரியல."

"பழைய பதிப்பைப் பாருங்க."

அவர் அலுப்போடு தேடினார். விசைகள் ஓடின. நின்றன. அலுப்பு முகத்திலிருந்து போயிருந்தது.

"டார்ச் லைட்," என்றார்.

"என்னது?"

"டார்ச் லைட் ஆப். அமுக்கினா வெளிச்சம். பல வருஷமா அதேதான். போன மாசம் ஒரு புதுப் பதிப்பு வந்திருக்கு. அதுலேர்ந்துதான்..."

"காது முளைச்சிருக்கு," என்று குண்டூசி முடித்தான். "நீங்களும் உள்ள விட்டிருக்கீங்க."

"பழைய பதிவு. ஒரு புகாரும் இல்லாத கணக்கு. அந்த மாதிரி கணக்குல வர்ற மாத்தத்தை மெஷினே பார்த்து அனுப்பிடும்."

"ஆளைப் பாக்கறதில்ல. சட்டை பழக்கமான சட்டையான்னு பாக்கறீங்க."

அதிகாரி ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார்.

"டார்ச்காரரை விசாரிச்சீங்களா?" என்றார் பூட்டு.

"மெஷின் பல தடவை கூப்பிட்டிருக்கு. அந்த இன்னொரு ஆப் இருக்கறதுல ஆட்சேபம் இல்லைன்னா ஒண்ணை அமுக்குங்கன்னு சொல்லும். அமுக்கிட்டா ரெண்டும் இருக்கலாம். போனை எடுக்கறாங்க. ஆனா எதையும் அமுக்கறதில்ல. பதில் இல்லைன்னா ஆட்சேபம்னுதான் அர்த்தம்."

"எடுத்துட்டு ஏன் அமுக்கல?"

"எனக்கென்ன தெரியும்? திமிரா இருக்கும்."

பூட்டு எழுந்தார். அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு. ரெண்டு கணக்கும் ஒரே வீட்டுதுன்னு தெரிஞ்சா, விதிப்படி ரெண்டையும் மூடணும். அப்புறம் யார் வந்து சொன்னாலும் திறக்க முடியாது. உங்க கட்சிக்காரம்மாவே ரெண்டு வேஷம் போடறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஞாபகம் வெச்சுக்கோங்க."

வெளியே வந்ததும் குண்டூசி நின்றான்.

"மேடம், ஹெட்போன் வயரைப் பார்த்தீங்களா? எதுலயும் மாட்டல. மேசைக்குக் கீழ சும்மா தொங்குது. எல்லாம் கேட்டுக்கிட்டு, கேக்காத மாதிரி நடிக்கிறார்."

"பார்த்தேன்."

"அப்ப அவர்தான். குழாய்ச் சத்தம் முதல்ல யார் கைக்குப் போச்சு? அவர் கைக்கு. எந்தப் பழைய கணக்கு அநாதையாக் கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? அவருக்கு. போதாக்குறைக்கு அந்தம்மா அவரோட சண்டை வேற."

"ம்."

"ம்னா?"

"ம்னா ம். வண்டியை எடு."

ஸ்டோரில் டார்ச் லைட் செயலிக்கான பக்கத்தில் பழைய முகவரி ஒன்று இன்னும் இருந்தது. அது ஒரு டிரைவிங் ஸ்கூல்.

*

மைதானத்தில் ஒரு கார் வட்டமடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெரியவர், கண்களை இறுக்கிக்கொண்டு ஓட்டினார். பயிற்சியாளர் பத்திரமாக வெளியே நின்றார்.

"நீங்க உள்ள உக்காரலையா?" என்றான் குண்டூசி.

"எனக்குக் குழந்தைங்க இருக்கு, தம்பி."

டார்ச் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"காலேஜ்ல படிக்கிறப்ப விளையாட்டாப் பண்ணினது. இப்ப எல்லா போன்லயும் டார்ச் தானாவே வருது, அதை எவன் சீண்டுவான்? சும்மா கிடந்தது. ஒருத்தர் வந்து கேட்டார். கொடுத்துட்டேன். அது தப்பா, மேடம்? போலீசா நீங்க?"

"எப்படிப்பட்ட ஆள்?"

"தலைக்கனம் பிடிச்ச ஆள். முதல் நாள் வந்தப்பவே எனக்குப் பிடிக்கல. சாயங்கால நேரம். கேட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிறார். பின்னாடி நான் கார்ல. ஹாரன் அடிக்கிறேன், அடிக்கிறேன், திரும்பிக்கூடப் பாக்கல. ஹெட்லைட்டைப் போட்டேன். சுவத்துல வெளிச்சம் விழுந்ததும் சாவகாசமா நகர்றார். என்ன ஒரு திமிர்!"

குண்டூசி பூட்டின் பக்கம் சாய்ந்தான். "திமிர். இதே வார்த்தையை இன்னிக்கு ரெண்டாவது தடவை கேக்கறேன்."

"முகம் எப்படி இருந்தது?" என்றார் பூட்டு.

"குல்லா போட்டிருந்தார். காது வரைக்கும் இழுத்துவிட்ட குல்லா."

"உள்ள ஹெட்போனே மாட்டியிருந்தாலும் தெரியாது," என்று முணுமுணுத்தான் குண்டூசி.

"பேரம் எப்படிப் பேசினார்?"

"எங்க பேசினார்? வாயைத் திறந்தாத்தானே. போன்ல அடிச்சு நீட்டறார். நானும் அடிச்சு நீட்டறேன். குரல் எங்கேயும் பதிவாயிடக் கூடாதுன்னு உஷாரா இருக்கார்னு நினைச்சேன். ஏதோ வில்லங்கம் பிடிச்ச ஆள்னு எனக்கு உள்ளுக்குள்ள உதறல்."

"உதறலோடயே வித்துட்டீங்க," என்றான் குண்டூசி.

"கொஞ்சம் கூடக் கேட்டேன், தம்பி. என்கிட்ட அவ்வளவு இல்ல, ஆனா உங்க போர்டு அசிங்கமா இருக்கு, புதுசா வரைஞ்சு தரேன்னு அடிச்சுக் காமிச்சார். வரைஞ்சும் கொடுத்தார். வேலையில குறை சொல்ல முடியாது. முன் கேட்டுல மாட்டியிருக்கேன், பாருங்க."

அவர்கள் பின் கேட் வழியாக வந்திருந்தார்கள். மைதானத்தைச் சுற்றி முன்பக்கம் போனார்கள்.

மஞ்சள் நிறத்தில் ஒரு கார். முகம் முழுக்கச் சிரிப்பு. சக்கரம் இருக்க வேண்டிய இடங்களில் ஷூ. கயிறு அழகாக முடிச்சுப் போட்டிருந்தது.

"மேடம், இங்க பாருங்க, கார் ஷூ மாட்டிக்கிட்டு..."

குண்டூசியின் சிரிப்பு பாதியில் நின்றது.

பூட்டு போர்டைப் படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் குண்டூசி வண்டி ஓட்டிக்கொண்டே பொறுக்க முடியாமல் கேட்டான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்தது." பூட்டு அன்று வழக்கத்தைவிட அதிகம் பேசினார். "அந்த வலது போன்ல குழாய் இருக்கு. அது புதுசு. கிறீச்சும் இருக்கு. அது பழசு. அவ கிறீச்சை வெட்டினதுக்கு அப்புறம்தான் திருட்டு நடந்திருக்கு. அப்ப கிறீச்சு எப்படித் திரும்பி வந்தது?"

"திருடினவனே ஒட்டியிருக்கணும்."

"சரியா இருந்ததை எடுத்து, வேலை மெனக்கெட்டுக் கெடுத்து, அப்புறம் வெளியிட்டிருக்கான். எந்தத் திருடன் அப்படிச் செய்வான்?"

"அடிமுட்டாள்."

"இல்ல. அது கெடுதல்னு கேக்காதவன்."

ஒரு லாரி பின்னால் ஹாரன் அடித்தது. குண்டூசி அனிச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தான்.

"பார்த்தியா? நீ திரும்பிட்ட," என்றார் பூட்டு. "ஹெட்போன்காரரும் திரும்பியிருப்பார். அவர் கேக்காத மாதிரி நடிக்கிறவர்."

"மெஷின் கூப்பிட்டப்ப எடுத்துட்டு, அமுக்காம வெச்சது..."

"போன் அதிருது, எடுக்கறார். எடுத்து என்ன செய்ய?"

குண்டூசி ஸ்டியரிங்கைத் தட்டினான். "காது கேக்காதவங்களுக்கு ஒரு ஆப். அதை வெச்சிருக்கிறவரை வாயால கூப்பிட்டு, வாயால கேள்வி கேட்டு, பதில் சொல்லலைன்னு தீர்ப்பும் கொடுத்துட்டாங்க. நூத்துக்கு முப்பதையும் வாங்கிக்கிட்டு."

"இன்னும் கொடுக்கல. அஞ்சு ஆகல. வேகமாப் போ."

*

பூட்டு போர்டின் படத்தை அண்ணன் முன்னால் வைத்தார்.

அவர் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். தங்கை எட்டிப் பார்த்தாள். சிரிக்கிற காரை, அதன் ஷூவை, அண்ணனை. அதன் பிறகு அந்த அறையில் நடந்தது முழுக்கக் கைகள். குண்டூசி அதுவரை சைகையில் சண்டை பார்த்ததில்லை. சத்தமில்லாமலே அது காதை அடைத்தது.

கடைசியில் அண்ணன் போனை எடுத்தார். அடித்து, பூட்டிடம் நீட்டினார்.

'திருடவில்லை. என்னுடையதைத்தான் எடுத்தேன்.'

அண்ணன் மேலும் அடித்தார்.

'சங்கத்தில் யாராலும் சந்தா கட்ட முடியவில்லை. ஒருவர் வீட்டில் குழந்தை அழுது அழுது மயங்கிவிட்டது. அவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க நினைத்தேன். புதிதாகப் பதிந்தால் கடை ஆயிரம் கேள்வி கேட்கும், பழையது வாங்கினால் கேட்காது என்றார்கள். கேட்கவில்லை. இவளுடையதை எடுத்துவிடுவார்கள் என்று சத்தியமாகத் தெரியாது. காலையிலிருந்து டார்ச்சை அழித்துவிடலாமா என்று பார்க்கிறேன். அழித்தால் சங்கத்தில் அத்தனை வீடும் மறுபடி செவிடாகும்.'

தங்கை அதைப் படித்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் கேட்டாள்.

அண்ணன் திரையைத் திருப்பினார். இரண்டு ஒலிப்பதிவுகள், கோட்டுச் சித்திரமாக. ஒன்றில் பெரிய மேடு மட்டும். இன்னொன்றில் முதலில் ஒரு சின்ன மேடு, அப்புறம் பெரியது. அவர் சின்ன மேட்டைத் தொட்டார். பிறகு தன் ஆள்காட்டி விரலை நெஞ்சுக்கு நேரே நிறுத்தி, இல்லாத பட்டன் ஒன்றை அமுக்கினார்.

"என்ன சொல்றார்?" என்றான் குண்டூசி.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இது என் கைங்கறான். மணி உன்னோடது, அதை அமுக்கின கை என்னோடதுங்கறான். ஆயிரம் தடவை அமுக்கினேன், ஆயிரத்துலயும் நீ என் கையை மட்டும் தேடித் தேடி வெட்டிட்டேங்கறான்." அவள் அண்ணன் தோளைப் பிடித்தாள். "ஐயோ அண்ணா, அது கை இல்ல."

அவரை எழுப்பினாள். அவர் உள்ளங்கையை நாற்காலியின் முதுகில் வைத்தாள். சாய்த்தாள்.

வலது போன் ஒளிர்ந்தது. வாசலில் ஆள்.

மறுபடி சாய்த்தாள். வாசலில் ஆள்.

அண்ணன் அவள் கையை விலக்கினார். தானே சாய்த்தார். மரத்தில் ஓடிய சின்ன அதிர்வு அவர் உள்ளங்கைக்கு வந்தது. போனைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். எத்தனையோ வருடம் தன் முதுகுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த அதை, ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு விரல்கள் சுருக்கமாக எதையோ கேட்டன.

"ஏன் சொல்லலைங்கறான்." அவள் கண்ணைத் துடைத்தாள். "நீ வருத்தப்படுவேன்னுதான்."

அண்ணன் இரண்டு கையையும் விரித்தார்.

"சொல்லியிருந்தா வருத்தத்தோட போயிருக்கும், இப்பத் திருடனாயிட்டேன் பாருங்கறான்."

முதலில் சிரித்தது குண்டூசி.

பூட்டு சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரியைப் போனில் அழைத்தார்.

"டார்ச்காரர் கிடைச்சுட்டார். மெஷினை இன்னொரு தடவை கூப்பிடச் சொல்லுங்க. இந்தத் தடவை பதில் வரும்."

"யார் அவர்? எங்கிருந்து பேசறீங்க?"

பூட்டு வாயை மூடிக்கொண்டார்.

தங்கைக்கு அவசரம். பழக்கதோஷம். கையால் சொல்வதை வாயாலும் சொல்லிவிட்டாள். "அண்ணா, உன் டார்ச் போனைக் கையில எடு!"

குண்டூசி பூட்டின் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

மறுமுனையில் விசைப்பலகையின் ஒலி நின்றிருந்தது. ஒரே வீடு. இரண்டு கணக்கு. அதிகாரி இதற்காகத்தான் காலையிலேயே எச்சரித்திருந்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பின்னாடி யாரோ..." என்று ஆரம்பித்தார் அதிகாரி. நிறுத்தினார். மூச்சு விடுவது கேட்டது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார். "ஹெட்போன் போட்டிருக்கேன்."

இணைப்பு அறுந்தது.

சற்று நேரத்தில் அண்ணனின் போன் அதிர்ந்தது. அவர் எடுத்துத் தங்கையின் காதில் வைத்தார். அவள் கேட்டாள். ஒரு விரலைக் காட்டினாள்.

அவர் அமுக்கவில்லை. கேள்வியாகப் பார்த்தார். கை அசைந்தது.

அவளுக்குப் புரிந்தது. எல்லோருக்குமே புரிந்தது. சங்கம்?

"டார்ச் அப்படியே இருக்கட்டும்," என்றாள். "சும்மாவே இருக்கட்டும். கிறீச்சை மட்டும் எடுத்துடு."

அண்ணன் ஒன்றை அமுக்கினார்.

*

அவர்கள் வண்டியை நிறுத்திய தெருமுனை வரை நடந்தார்கள். அதற்குள் அவளிடமிருந்து செய்தி வந்துவிட்டது. செயலி கடைக்குத் திரும்பியிருந்தது.

"ஹெட்போன்காரரைத் தப்பா நினைச்சுட்டேன், மேடம்," என்றான் குண்டூசி. "மனுஷன் தங்கம்."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"தங்கமா இருக்கறதா?"

"ஊருக்கெல்லாம் ஒரே வாசல். அதுல ஒரு மெஷின், ஒரு மனுஷன். இன்னிக்கு அந்த மனுஷனுக்கு நல்ல மனசு. காலையில வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருந்தா?"

"ரெண்டும் காலி."

"அப்ப நாம ஜெயிச்சது அதிர்ஷ்டத்துல. அதிர்ஷ்டத்துக்கா நூத்துக்கு முப்பது?"

குண்டூசி யோசித்தான். "காவல் காக்கறோம்னாரே."

"காக்கட்டும். காத்தா கூலி கேக்கறது நியாயம்தான், அதை நான் மறுக்கல. ஆனா டார்ச் லைட்டுக்குக் காது முளைச்ச அன்னிக்குக் காவல் எங்க இருந்தது? வீட்டுக்குள்ள மைக்கைத் திறந்து வைக்கிற ஒரு சாமான், டார்ச்சோட சட்டையைப் போட்டுக்கிட்டு உள்ள போயிருக்கு. ஒருத்தரும் நிறுத்தல. இந்தத் தடவை வாங்கினவர் ஒரு அண்ணன். அதனால பொழைச்சோம். இதே மாதிரி இன்னும் எத்தனை பழைய டார்ச்சை யார் யார் வாங்கியிருக்காங்களோ?"

குண்டூசி நாலு அடி நடந்தான். வேகம் குறைந்தது.

"என் போன்லயும் ஒண்ணு இருக்கு, மேடம். ரொம்ப நாளா."

"டார்ச்சா?"

"டார்ச்தான். பழைய போன்ல போட்டது, இதுக்கும் கூடவே வந்துடுச்சு. ஒண்ணும் பண்ணாது, பாவம். வெறும் வெளிச்சம்."

"அது மைக் கேக்குதான்னு பாரு."

"டார்ச்சுக்கு எதுக்கு மேடம் மைக்கு? இருட்டுல பாட்டா பாடும்?"

சிரித்துக்கொண்டே போனை எடுத்தான். செட்டிங்ஸுக்குப் போய், டார்ச்சுக்குக் கொடுத்திருந்த அனுமதிகளைத் திறந்தான். படித்தான். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதை எடுத்துவைக்க அவன் மறந்திருந்தான்.

"என்ன?" என்றார் பூட்டு.

குண்டூசி வாயைத் திறந்தான். மூடினான். போனைச் சுட்டிக் காட்டி, தன் காதைத் தொட்டான். பிறகு உதட்டின்மேல் விரலை வைத்தான்.

வண்டியில் ஏறி, வீடு போய்ச் சேரும்வரை இருவரும் சைகையில்தான் பேசிக்கொண்டார்கள்.